விறகடுப்புக்கு இடம் உள்ள வீடு

"அடுப்பு இல்லாத வீட்டுக்கு வரமாட்டேன்னுட்டாரு மனுசன்."

அட்டனில் புறப்பட்ட பொகவந்தலாவை பஸ்ஸில், முன் சீட்டுப் பெண் இப்படிச் சொன்னதும், நான் பேப்பரில் படித்துக்கொண்டிருந்த உலக அரசியல் சட்டென்று முக்கியத்துவம் இழந்தது. குவைத் வேலையை முடித்துக்கொண்டு வந்தவர். தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பிலிருக்கும் புருசனோடு டவுனில் குடியேற ஒரு மாடி வீடு பார்த்திருக்கிறார். பக்கத்தில் அவருடைய நாத்தனார்.

"கேஸ் அடுப்பு இருக்குல்ல மதினி?"

"அதுக்கு முன்னால குந்தி குளிர் காய முடியுமான்னு கேக்குறாரு ஒங்கண்ணன்."

"வாடகை, அட்வான்ஸ், கரண்டு பில்லு பத்தி?"

"ஒண்ணும் கேக்கல. அதெல்லாம் என் பாடுதானே."

"அண்ணன் சொல்றதும் நியாயந்தான். மழை மாசத்துல ஈரத்துணிய எங்க காயப்போடுவீங்க?"

"அதான் வீட்டுக்கார அம்மாகிட்ட பேசினேன். பின்பக்கம் தகரம் எறக்கி விறகடுப்பு போட்டுக்கச் சொல்லிட்டாங்க. சுவத்துல புகை புடிச்சா பெயின்ட் நம்ம செலவாம்."

"அப்புறம் என்ன! அண்ணன் ஓடி வந்துருவாரு."

பஸ் டிக்கோயாவைத் தாண்டியதும் குவைத்திலிருந்து வந்தவர் குரலைத் தாழ்த்தினார்.

"இத்தன வருசம் போன்ல இருந்த பொண்டாட்டி நான். நேர்ல இருக்குறவள புடிக்கணுமே. அடுப்பு போட்டும் வரலேன்னா, அடுப்பு காரணமில்லேன்னு தெரிஞ்சிரும். அடுப்புக்கு எடம் கெடச்சிருச்சுன்னு அவருகிட்ட சொல்லத்தான் பயந்துகிட்டே போறேன்."

அண்ணனுக்காகப் பேசிக்கொண்டு வந்த நாத்தனார், மதினி மடியிலிருந்த கனமான பையைத் தன் மடிக்கு வாங்கிக்கொண்டார்.