வெள்ளை சாசேஜ் வாங்காத குடும்பம்

அந்த வெள்ளிக்கிழமை எங்கள் மியூனிக் அலுவலகச் சமையலறையில் இருந்தவர்கள் நான்கு பேர்: தலைவர் கெர்னோட், சோதனைப் பிரிவின் மெக்டில்ட், என் மகள் புர்கி, கோர்பினியன் லோய்பிள் என்கிற நான். அடுப்பில் வெள்ளை சாசேஜ் இருந்தது. எங்கள் ஊர் முறைப்படி அதைப் பகல் பன்னிரண்டு மணி அடிப்பதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும். பிறகு சாப்பிடுகிறவர்களைப் பற்றி எனக்கு நல்ல எண்ணம் இல்லை.

யாருடைய நிரலில் பிழை அகப்படுகிறதோ, அடுத்த வாரம் சாசேஜ் அவர் செலவு. அது எங்கள் வழக்கம். பதினோரு ஆண்டுகளில் லோய்பிள் குடும்பம் ஒருமுறையும் வாங்கியதில்லை.

நாங்கள் செய்வது கம்பைலர். நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றித் தரும். ஓரிடத்தில் ஆயிரம் முறை முழு எண் வந்தால், அடுத்ததும் முழு எண்தான் என்று ஊகித்து வேகம் பிடிக்கும். ஊகம் பொய்த்தால் பழைய நிதானத்துக்குத் திரும்ப வேண்டும். அதைக் கவனிப்பது ஒரேயொரு சரிபார்ப்பு வரி. ஊகிக்கும் பகுதியை எழுதியவள் புர்கி. படித்துப் பார்த்து ஒப்புதல் தந்தவன் நான். அந்த ஊகத்தை ஏமாற்றிப் பார்ப்பது மெக்டில்டின் வேலை.

“ஆயிரம் தடவ முழு எண்ணக் குடுத்தேன், ஹெர் லோய்பிள். அடுத்ததா ரெண்டரைய நீட்டினேன். உங்க கம்பைலர் அதையும் முழு எண்ணுன்னு வாயில போட்டுக்கிச்சு. ஒரு தடவ நாலுங்குது, ஒரு தடவ நாப்பதுங்குது,” என்றாள் அவள்.

கெர்னோட் சிரித்தார். “அப்ப அடுத்த வாரம் உங்க வீட்டுச் செலவு, பெரியவரே. தொட்டுக்க இனிப்புக் கடுகும் சேத்து வாங்குங்க, கஞ்சத்தனம் வேணாம்.”

புர்கி என்னைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்து சாசேஜின் தோலை உரித்தாள். நல்ல பெண்.

“பத்துல மூணு தடவதானே தப்பா வருது? உன் சோதனைதான் பதட்டப்படுது,” என்றேன்.

“சோதனைக்கு என்ன பதட்டம்? அது என்ன உங்கள மாதிரி டை கட்டியிருக்கா?” என்றாள் மெக்டில்ட். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நம்ப முடியாத சோதனைகளுக்கென்று ஒரு பட்டியல் உண்டு. அதில் ஏறிய சோதனையை யாரும் ஓட்டிப் பார்ப்பதில்லை. அன்று பிற்பகல் மெக்டில்டின் சோதனையை அதில் ஏற்றினேன். ஏற்றியவர் என்ற இடத்தில் அவள் பெயரையே இட்டேன். சோதனை அவளுடையதுதானே.

எங்கள் நிரலில் பிழை இல்லை என்றாகிவிட்டதால், அடுத்த வெள்ளிக்கிழமை கெர்னோட் சாசேஜ் வாங்கினார். சரியாக வேகவில்லை. கம்பைலரும் வாடிக்கையாளர்களிடம் போனது.

மூன்று மாதம் கழித்து, ஒரு மருத்துவமனையில் நரம்பில் சொட்டுச்சொட்டாக ஏற்றும் மருந்தின் அளவை எங்கள் கம்பைலரின் உதவியோடு கணக்கிடும் திரை, காலையிலிருந்து முழு எண்களையே பார்த்துப் பழகியிருந்தது. ஒரு செவிலியர் இரண்டரை என்று இட்டார். நாற்பது போயிற்று. பக்கத்துக் கட்டிலுக்கும் அப்படியே. இருவரும் பிழைக்கவில்லை. பட்டியலில் இருந்த பெயரைப் பார்த்து மெக்டில்டை வேலையிலிருந்து நீக்கினார்கள். அவளுக்கு நற்சான்றுக் கடிதம் எழுதித் தந்தவன் நான். நன்றாகவே எழுதினேன்.

மகளின் தவறை மறைக்கத் தகப்பன் இப்படிச் செய்துவிட்டான் என்று அலுவலகத்தில் பேசிக்கொள்வதாக, விசாரிக்க வந்த நீங்கள் சொன்னீர்கள். அது பொய். அதை நீங்கள் எழுத்தில் திருத்த வேண்டும். புர்கி தவறு எதுவும் செய்யவில்லை. சரிபார்ப்பு வரியை அவள் எழுதித்தான் வைத்திருந்தாள். ஒருமுறை சொன்னதை மறுபடி சந்தேகிப்பது எங்கள் குடும்பத்துக்கு அழகல்ல என்று, ஒப்புதல் தருவதற்கு முன் அதை நீக்கியவன் நான்.