சென்னை சொன்ன திருத்தங்கள்

ஆறிப்போன இடியாப்பம் எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் சாப்பாட்டுக்கு ஆசைப்பட்டுச் செய்தேன் என்று நினைத்துவிடுவீர்கள். பாலக்கரையிலிருந்து ஸ்ரீரங்கம் வந்து சேருவதற்குள் அது ஆறித்தான் இருக்கும். ஆனாலும் சாப்பிட்டேன். சோதனை என்று வந்துவிட்டால் முகம் சுளிக்கக் கூடாது.

முப்பத்திரண்டு வருஷம் துவாக்குடியில் ஒரு தொழிற்சாலையில் ஆங்கிலக் கடிதம் எழுதுகிற வேலை பார்த்தேன். மேனேஜரே வந்து, "பாலு சார், ஒரு தடவ பாத்துக் குடுத்துடுங்க" என்று நிற்பார். ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து கூரியர்காரரைத் தவிர யாரும் என்னிடம் கையெழுத்துக் கேட்கவில்லை.

அப்போதுதான் பாலக்கரையிலிருந்து ரஃபீக் வந்தார். சவுதியில் தம்மாமில் பதினெட்டு வருஷம் ஃபிட்டராக இருந்துவிட்டு, இனிமேல் போவதில்லை என்று திரும்பியவர். அவர் மனைவி மஹ்ஜபீனுக்கு மணிக்கட்டு வலி, இடியாப்பம் பிழிய முடியாது. அந்த அம்மாவுக்காக, மேசையில் மாட்டிக் கைப்பிடியை லேசாக இறக்கினாலே பிழிகிற அச்சு ஒன்றைச் செய்திருந்தார். பேட்டன்ட்டும் வாங்கியாகிவிட்டது. சென்னையில் ஒரு பாத்திரக் கம்பெனி இப்படிப்பட்ட சாமான்களை லைசென்ஸ் எடுத்து, தானே தயாரித்து, ஊர் ஊராகக் கடைகளில் வைக்கிறது. விற்பதில் கண்டுபிடித்தவருக்குப் பங்கு உண்டு. ரஃபீக் அரபியில் சண்டையே போடுவார், இங்கிலீஷ் கடிதம் என்றால் வேர்த்துவிடும். மாதிரியோடு அனுப்பிய விண்ணப்பத்தில் என் ஈமெயிலையும் என் ஃபோன் நம்பரையும் கொடுத்தேன். அவருக்குச் சிரமம் வேண்டாமே என்றுதான்.

பதினோராம் நாள் பதில் வந்தது. அச்சு மிகவும் பிடித்திருக்கிறதாம், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வர வேண்டுமாம்.

அன்று வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகை முடிந்து ரஃபீக் டிபன் கேரியரோடு நேராக வந்துவிட்டார். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, "என்ன சார் சொல்றாங்க?" என்று என் வாயையே பார்த்தார். என்னை யாரும் அப்படிப் பார்த்து நான்கு வருஷம் ஆகியிருந்தது.

"கைப்பிடி கொஞ்சம் நீளமாம்" என்றேன்.

ஒரு வாரம் தள்ளிப்போனால் என்ன குடிமுழுகிவிடப் போகிறது என்று நினைத்தேன். மனுஷன் அடுத்த வெள்ளிக்கிழமையே குட்டைக் கைப்பிடியோடு வந்து நிற்கிறார். அவ்வளவு வேகமாக வேலை செய்தால் நான் என்ன செய்வது? மூடி கனமாம் என்றேன். பிறகு அச்சின் கால் வழுக்குகிறதாம், ஓட்டை நெருக்கமாம். "சென்னைக்காரங்க சொன்னது கரெக்ட்தான் சார், இப்பதான் சல்லுனு இறங்குது" என்பார். நடுநடுவே, இன்னும் பதில் வரவில்லை என்று இரண்டு மூன்று மாதம் இழுப்பேன். மூன்று வருஷத்தில் பதினான்கு அச்சு. ஒவ்வொன்றிலும் அந்த அம்மா வலிக்கிற கையால் இடியாப்பம் பிழிந்து பார்த்துத்தான் எனக்கு அனுப்பினார். பாதிக் கண்டுபிடிப்பு என்னுடையது என்றுகூடச் சொல்லலாம். நான் சொல்வதில்லை.

கம்பெனியில் ஷெர்லின் என்றொரு பெண், விடாமல் நினைவூட்டிக்கொண்டே இருந்தார். மேம்பாட்டு வேலை நடக்கிறது, பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று ரஃபீக் பெயரில் பதில் போடுவேன். நல்ல கடிதங்கள் அவை. போன மாதம் கடைசியாக எழுதினார்: முப்பதாம் தேதிக்குள் கையெழுத்து வராவிட்டால் வேறொருவருடைய அச்சை எடுத்துக்கொள்கிறோம்.

அதே வாரம் ரஃபீக் வெறுங்கையோடு வந்தார். திரும்பவும் தம்மாமுக்கே விசா எடுத்திருந்தார். "இந்த வாரம் நல்ல பதில் வந்துட்டா டிக்கெட்ட கேன்சல் பண்ணிடுவேன் சார். மஹ்ஜபீனுக்கு இப்ப டம்ளரக்கூடப் பிடிக்க முடியல. புள்ளகுட்டியும் இல்ல. தனியா விட்டுட்டுப் போக மனசே வரல."

முப்பதாம் தேதிக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் மூன்று வருஷத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஊருக்குக் கிளம்புகிற மனுஷனை அப்படி வருத்தப்படுத்துவது நியாயமில்லை. "வேண்டாம்னு எழுதிட்டாங்க ரஃபீக்" என்றேன். எங்களுக்கு விருப்பமில்லை என்று அன்றே ஷெர்லினுக்கும் எழுதிவிட்டேன், அவர் பெயரில். ஆக, கெடுத்தது நான்தான். மறைக்க ஒன்றுமில்லை.

ரஃபீக் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க மனசு கஷ்டப்படாதீங்க சார். உங்க இங்கிலீஷ்ல ஒரு குறையுமில்ல. என் மெஷின்லதான் குறை."

நான் மறுத்துப் பேசவில்லை. என் ஆங்கிலத்தைப் பற்றி அவர் சொன்னது சரிதானே.