கோந்துவுக்கு வைத்த படையல்

நாய்க்குத் தயிர்சாதம் பிசைவதற்கும் ஒரு பக்குவம் இருக்கிறது. சாதம் ஆறியிருக்க வேண்டும், விறைத்துப் போயிருக்கக் கூடாது. தயிர் புளித்திருந்தால் மோந்துகூடப் பார்க்காது. உப்பு கூடவே கூடாது. பதின்மூன்று வருஷம் இந்தக் கையால்தான் பிசைந்து போட்டிருக்கிறேன், ஒருநாள் தவறியதில்லை. எதற்குச் சொல்கிறேன் என்றால், இன்ஸ்பெக்டர், நீங்கள் காலையில் வந்ததிலிருந்து ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்.

"ஏம்மா, சம்ப் மூடிய ஒயுங்கா மூடி வெக்க மாட்டீங்களா? மய காலத்துல இத்தகூட பாக்காம இன்னா பண்ணிக்கினு இருந்தீங்க? அலட்சியம்மா, அத்தனையும் அலட்சியம்!" என்றீர்கள். அதுவும் பக்கத்து வீட்டு ராஜாமணி நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது. தபால் ஆபீஸில் முப்பது வருஷம் குப்பை கொட்டினேன். ஒரு மணியார்டர் தவறியது என்று இந்தப் பெருந்தேவியைப் பார்த்து ஒருத்தர் கை நீட்டியதில்லை. வாசலில் தரைக்கடியில் இருக்கிற அந்தத் தண்ணீர்த் தொட்டியில் மாடிப் பையன் விழுந்து செத்தது அலட்சியத்தால் இல்லை. முழுக்கக் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

கோந்துவை இந்த வீட்டுக்குக் கொண்டுவந்தது அவர். என் அகத்துக்காரர் யதிராஜ், கோயில் மடைப்பள்ளிக் கைங்கரியம். ஒருநாள் பிரசாதத் தூக்கோடு கூடவே ஒரு நாய்க்குட்டியும் வந்தது. நாயை உள்ளே விட மாட்டேன் என்று குதித்தவள் நான்தான். அதுவோ என் காலை விட்டு நகரவில்லை, சமையலறைக்குப் போனால் சமையலறை, கொல்லைக்குப் போனால் கொல்லை. "என்னடி, கோந்து மாதிரி ஒட்டிக்கிறதே!" என்று அவர் சிரித்தார். அதுவே பெயராகிவிட்டது. அவர் ஆசாரியன் திருவடி சேர்ந்த பிறகு இந்த வீட்டில் எனக்குப் பேச்சுத் துணை அது ஒன்றுதான். பிள்ளை அச்யுத் புனேயில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவான். "சாப்ட்டியாம்மா, மாத்திரை போட்டுண்டியா" என்பதோடு சரி.

ஒரகடத்தில் கம்பெனிகள் வந்ததும் எங்கள் ஊரில் எல்லாரும் மாடியில் ஒரு ரூம் எழுப்பி வாடகைக்கு விட்டார்கள். நானும் விட்டேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து உச்சிமாகாளி வந்து சேர்ந்தான். கார் பாகம் செய்கிற கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. அந்தப் பெயரைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, தம்பி என்றுதான் கூப்பிடுவேன். நல்ல பையன். குறை சொல்லக் கூடாது. மாமிசம் சமைக்கக் கூடாது என்றேன், சமைக்கவில்லை. சத்தமாகப் பாட்டுப் போடக் கூடாது என்றேன், காதில் மாட்டிக்கொண்டு கேட்டான். வாசலில் தண்ணீர் லாரி வந்தால் நான் சொல்லாமலே இறங்கி வந்து பைப்பைப் பிடிப்பான்.

கோந்துவுக்கு அவனைப் பிடித்துப்போனது. அவ்வளவுதான் நடந்தது. நைட் ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்களைக் கம்பெனி பஸ் தெருமுனையில் இறக்கிவிடும். பஸ் சத்தம் கேட்டதும் நான் பிசைந்து வைத்த சாதத்தை அப்படியே விட்டுவிட்டு கேட்டுக்கு ஓடும். அந்த வயசிலும் பாருங்கள், இடுப்பெலும்பு தேய்ந்து, கண்ணில் புரை விழுந்து, அந்த ஓட்டம்! பிறகு அவன் பின்னாலேயே மாடிப்படி ஏறிவிடும். அவன் தூங்கி எழுகிற வரைக்கும் அவன் பாயில்தான் படுக்கை. "கோந்து, கீழ வா" என்று நான் கூப்பிடுவேன். மேலேயிருந்து எட்டிப் பார்க்கும், திரும்பிப் படுத்துக்கொள்ளும். எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைக்க என்ன இருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் வெளியே போய்ச் சாப்பிடுவான். புரட்டாசி என்றும் பார்க்க மாட்டான். கடையிலிருந்து ஒரு பொட்டலம் வரும், மாடியில் அதற்கு ஊட்டுவான். வாசனை எனக்குத் தெரியாதா? ஒருதரம் கேட்டேன். "யம்மா, ஒரேயொரு துண்டுதாம்மா குடுத்தேன். என்னா ஆசையாத் திங்குது தெரியுமா? பாவம்லா, வாயில்லாத சீவன்" என்றான். என் வீட்டு நாயைப் பாவம் என்று எனக்கே சொல்கிறான்.

புரட்டாசிக் கடைசி ஞாயிறன்றும் பொட்டலம் வந்தது. திங்களன்று கோந்து வாந்தி எடுத்தது. செவ்வாயன்று எழுந்திருக்கவில்லை, ஒன்றுக்கும் போகவில்லை. டாக்டர் ப்ரீதி வீட்டுக்கே வந்து பார்த்தாள். சின்னப் பெண், பொறுமைசாலி. "கிட்னி ரெண்டும் போயிடுச்சு மாமி. சாப்பிடக் கூடாத எதையோ சாப்பிட்டிருக்கு" என்றாள். உச்சிமாகாளி லீவு போட்டுவிட்டு வல்லக்கோட்டைக்கு ஓடினான், முருகன் கோயில் விபூதியைக் கொண்டுவந்து அதன் நெற்றியில் பட்டையாகப் பூசினான். திருமண் இட்டுக்கொள்கிற வீட்டு நாய்க்கு விபூதி! அதைத் துடைக்கக்கூட எனக்குத் தெம்பில்லை. வியாழக்கிழமை விடிகிறபோது என் மடியில் தலையை வைத்துக்கொண்டு போய்விட்டது.

முருங்கை மரத்தடியில் அவன்தான் குழி தோண்டினான். மண் தள்ளும்போது ஓவென்று அழுதான். தெருவில் போகிறவர்கள் நின்று அவனைத் தேற்றினார்கள். என்னிடம் ஒருத்தர் வந்து கேட்கவில்லை. எனக்கு அழுகை வரவில்லை, இன்றுவரை வரவில்லை. அச்யுத்திடம் சொன்னேன். "வயசாயிடுத்தேம்மா, வேற ஒண்ணு வாங்கிக்கலாம்" என்றான், மிக்ஸி ரிப்பேரானதுபோல.

அதற்குப் பிறகு எனக்குச் சாதம் இறங்கவில்லை. காலையில் கை தானாகவே இரண்டு பேருக்கு அரிசி களையும். கூப்பிட்டால் வர யாருமில்லை. ஒரே கேள்விதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. எதைச் சாப்பிட்டது? யார் கொடுத்தது? அதற்கு ஒரு பதில் கிடைக்காமல் என்னால் உயிரோடு இருக்க முடியாது என்று தோன்றியது. சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. தூக்க மாத்திரையைக் கையில் கொட்டிப் பார்த்திருக்கிறேன்.

பதில் பதினாறாம் நாள் கிடைத்தது. அன்று காலை கொல்லைப் பக்கம் போனால், அந்தக் குழி மேல் தலைவாழை இலை. இலையில் கோழி வறுவல், பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர், ஊதுவத்தி. உச்சிமாகாளி கை கட்டி நின்றுகொண்டிருந்தான்.

"என்னடா இது?" என்றேன்.

"படையல்ம்மா. எங்க ஊருல செத்தவியளுக்குப் பதினாறு அன்னிக்கு அவிய விரும்பித் திங்கதை வைப்போம். கோந்துக்கு இதுன்னா உசுருல்லா?" என்றான். சொல்லும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

எங்கள் பக்கத்தில் இந்த வழக்கம் கிடையாது. எங்களில் பிராயச்சித்தம் என்றால் பாவம் பண்ணினவன்தான் பண்ணுவான். கையெடுத்துக் கும்பிட்டு, கண்ணில் தண்ணீர் விட்டு, எதைக் கொடுத்துக் கொன்றானோ அதையே இலையில் வைத்துக் காட்டுகிறான். இதற்குமேல் ஒருத்தன் எப்படி ஒப்புக்கொள்ள வேண்டும்? எனக்குக் கோபமே வரவில்லை. மனசு லேசாகிவிட்டது. "சரி தம்பி, வெயில் வர்றதுக்குள்ள எடுத்துப் போட்டுடு" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன். அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டேன்.

பிறகு மழைக்காகக் காத்திருந்தேன். எங்கள் தெரு பள்ளம். செம்பரம்பாக்கம் ஏரி நிரம்புகிறது என்று டிவியில் சொல்லும்போதே எங்கள் வாசலில் முழங்கால் தண்ணீர் நிற்கும். நேற்றுச் சாயங்காலம் கணுக்கால் அளவு வந்ததும் கடப்பாரையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். சம்ப் மூடியின் வளையத்தில் கொடுத்து நெம்பினால் எழுந்துவிடும், ஒன்றும் பெரிய பாரமில்லை. மூடியைப் பக்கத்திலேயே தண்ணீருக்குள் படுக்க வைத்தேன். அதைப் பார்த்துத்தான் தானாக நகர்ந்துவிட்டது என்று நினைத்துவிட்டீர்கள். குடிக்கிற தண்ணீரில் சாக்கடை கலக்கும் என்று தெரியாதவளா நான்? சமையலுக்கு இரண்டு குடம் முன்னாலேயே பிடித்து வைத்துவிட்டேன். நீங்கள் குடித்த காபி அந்தத் தண்ணீரில் போட்டதுதான், பயப்படாதீர்கள்.

இன்று காலை பஸ் வந்தது. அவன் ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டண்டை நின்றான். வாசல் முழுக்கப் பழுப்புத் தண்ணீர், தரை எங்கே, தொட்டி எங்கே என்று தெரியவில்லை.

"யம்மா, தண்ணி எம்புட்டு கெடக்கு? நடந்து வரலாமா? இல்ல, சுவத்தைப் புடிச்சுக்கிட்டு ஓரமா வாரட்டா?" என்று கேட்டான்.

"ஓரத்தில பாசி தம்பி, வழுக்கும். முட்டிக்குத்தான் தண்ணி, நேரா வா" என்றேன்.

நேராக வந்தான். நான் சொன்னால் கேட்கிற பையன். தாமிரபரணியில் குதித்து வளர்ந்தவன், நீச்சல் தெரியும் என்பான். சம்புக்குள் நீந்த என்ன இடம் இருக்கிறது? ஒருதரம் கை மேலே வந்து விளிம்பைப் பிடித்தது. "யம்மா" என்று ஒரு குரல் வந்தது. நான் படியில்தான் நின்றேன், இறங்கவில்லை. விரல் நழுவின பிறகு கதவைச் சாத்திக்கொண்டு போய்ப் பெருமாளுக்கு விளக்கேற்றினேன். தண்ணீரில் ஷூ மிதக்கிறதைப் பார்த்து ராஜாமணிதான் ஊரைக் கூட்டினாள். தீயணைப்புக்காரர்கள் வந்து எடுத்தார்கள்.

இன்னொன்றும் யோசித்துப் பாருங்கள். கோந்து இருந்திருந்தால் அவனை அந்தப் பக்கம் கால் வைக்க விட்டிருக்குமா? குரைத்துத் தெருவையே எழுப்பியிருக்கும். காப்பாற்ற இருந்த ஒரு ஜீவனை அவனே இல்லாமல் பண்ணிக்கொண்டான். நான் மூடியைத்தான் திறந்தேன்.

என்ன கேட்டீர்கள்? "எங்க வூட்லயும் நாய் கீதும்மா. வாராவாரம் கறி துன்னுது, கல்லு மாரி கீது. கறி துன்னு ரெண்டு கிட்னியும் பூட்சின்னு நான் கேட்டதே இல்ல. அதுக்கு மின்னாடி நாளு வேற இன்னா குட்த்தீங்க?"

நல்ல கேள்வி. டாக்டர் ப்ரீதியும் இதையேதான் கேட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கு முதல் நாள் புரட்டாசிக் கடைசி சனிக்கிழமை. மடைப்பள்ளியில் அவர் பண்ணின அளவிலேயே வீட்டில் அக்காரவடிசில் பண்ணினேன். பால், வெல்லம், நெய், நெய்யில் வறுத்த முந்திரி, உலர்திராட்சை. பெருமாள் கண்டருளின பிறகு கோந்துவுக்கு ஒரு கிண்ணம் வைத்தேன். முந்திரி அதற்குச் செரிக்காது என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துவிட்டு, பாத்திரத்தில் இருந்த திராட்சை முழுவதையும் அதன் கிண்ணத்திலேயே போட்டேன். திராட்சை என்றால் அதற்கு அவ்வளவு இஷ்டம். கிண்ணத்தை வழித்து நக்கிவிட்டு என் கையையும் நக்கியது. அன்றைக்கு மாடிக்கே போகவில்லை தெரியுமா? பஸ் சத்தம் கேட்டும் எழுந்திருக்கவில்லை. நாள் முழுக்க என் காலடியிலேயே கிடந்தது.

"திராட்சை, கிஸ்மிஸ் ஏதாவது சாப்பிட்டுதா மாமி? நாய்க்கு அது விஷம். சொன்னீங்கன்னா அதுக்குத் தகுந்த ட்ரீட்மென்ட் உடனே ஆரம்பிக்கலாம்" என்று அந்தப் பெண் இரண்டு தடவை கேட்டாள். இல்லவே இல்லை, மாடிப் பையன் கோழி கொடுத்தான் என்றேன். பெருமாள் பிரசாதம் எப்படியம்மா விஷமாகும்?

சரி, எழுதுங்கள். மூடியை நெம்பினது நான். நேரா வா என்று கூப்பிட்டது நான். கை தெரிந்தும் கதவைச் சாத்தினது நான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். திராட்சையை மட்டும் எழுத வேண்டாம். நாயைக் கொன்றவள் என்று நாளைக்கு ஊரில் யாரும் என்னைச் சொல்லிவிடக் கூடாது.