பாதிக் கம்பியில்

பகல் பன்னிரண்டு மணி. மயிலத்திலிருந்து கூட்டேரிப்பட்டுப் பக்கம் போகிற ரோடு. ஆள் இல்லை, மாடு இல்லை. தார் இளகிச் செருப்பில் ஒட்டுகிறது. அந்த ரோட்டில் ஒரு குடும்பம் நடந்து போய்க்கொண்டிருந்தது...

என்ன சிரிப்பு, கோதண்டம்? பேய் என்றால் ராத்திரிதான் வரவேண்டும் என்று உனக்கு யார் எழுதிக் கொடுத்தது? உச்சி வெயிலில் வருகிறது இன்னும் மோசம். அந்த அரிக்கேன் விளக்கைக் கொஞ்சம் தள்ளி வை. கரண்ட் வருகிறபோது வரட்டும். எல்லோரும் கிட்ட வந்து உட்காருங்கள்.

இது என் சிநேகிதன் ராஜாமணியின் வீட்டில் நடந்தது. அவனை உங்கள் எல்லோருக்கும் தெரியும். போன தீபாவளிக்கு இதே மொட்டைமாடியில் விடிய விடியச் சீட்டாடினானே, அவன்தான். அவனுடைய அக்கா பெயர் அம்சா. அக்கா புருஷன் சீனுவாசன், விழுப்புரத்தில் கவர்மெண்ட் ஆபீஸ் கிளார்க். நல்ல வாட்டசாட்டமான ஆள். சைக்கிளில் ஏறினால் சைக்கிள் முனகும். வயதில் எனக்குப் பெரியவர்தான். ஆனால் இந்தக் கதை முழுக்க அவரை அவன், இவன் என்றுதான் சொல்லப் போகிறேன். செய்த காரியம் அப்படி.

எண்பத்து நாலாம் வருஷம், மே மாதம். சீனு லீவு போட்டுவிட்டுத் திண்டிவனத்தில் மாமியார் வீட்டுக்கு வந்திருந்தான். மாமனார் சக்கரபாணி எல்லோரையும் மயிலம் கோயிலுக்கு அழைத்துப் போனார். சாமி கும்பிட்டாயிற்று, சாப்பிட்டாயிற்று. அப்புறம் ராஜாமணிதான் ஆரம்பித்தான். பக்கத்தில் கம்பிச் சவாரி என்று ஒன்று வந்திருக்கிறதாம், பார்த்துவிட்டுப் போகலாம் என்றான்.

கம்பிச் சவாரி என்றால் வேறொன்றும் இல்லை. மிலிட்டரியிலிருந்து ரிடையர் ஆன துரைக்கண்ணு என்கிற ஆள், கைவிட்டுப் போன ஒரு கல்குவாரியில் இரும்பு வடம் இழுத்துக் கட்டியிருந்தார். இடுப்பிலும் தொடையிலும் பெல்ட்டை மாட்டி, வடத்தில் ஓடுகிற கப்பியில் கோத்து, முதுகில் ஒரு தட்டுத் தட்டுவார். கிர்ர்ர்ர்... என்று அந்தரத்தில் போக வேண்டியதுதான். எதிர்க் கரையில் அவருடைய மச்சான் பிடித்து இறக்கி விடுவார். லீவுக்கு வந்த ஜனங்களைக் கூட்டம் கூட்டமாக அவரே அழைத்துப் போய்க் காட்டுவார். மொத்தம் மூன்று கம்பி. முதலிரண்டும் சின்னவை, நல்ல சரிவு. மூன்றாவதுதான் பெரியது, சரிவும் கம்மி. குவாரிப் பள்ளத்தில் தேங்கி நின்ற தண்ணீருக்கு மேலே போகும். கரும்பச்சைத் தண்ணீர். வடத்துக் கிரீஸ் வாசனையும் ஈரக்கல் வாசனையும் சேர்ந்து குப்பென்று வரும்.

அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் ஒரு ஆள் தனியாக வந்திருந்தான். ஒட்டடைக் குச்சி மாதிரி ஒல்லி. கழுத்தில் கறுப்புக் கயிறு, அதில் சின்னதாக ஒரு சிலுவை. முதல் கம்பியிலேயே சீனு அவனைப் பார்த்துவிட்டான். பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

சவுரிராயன்.

இரண்டு பேருக்கும் சொந்த ஊர் கெடார்தான். சீனு வீடு ஊருக்குள். சவுரி வீடு காலனியில். சவுரியின் அம்மா இருதயமேரி, சீனு வீட்டு நிலத்தில்தான் களை எடுத்தாள். ஆனால் பள்ளிக்கூடத்தில் இரண்டு பேருக்கும் ஒரே பெஞ்சு. ஒருநாள் சீனுவின் காலில் கருவேல முள் உள்ளே போய் ஒடிந்துவிட்டது. தன்னைப்போல் இரண்டு பங்கு கனமுள்ள சீனுவை உப்புமூட்டை தூக்கிக்கொண்டு, பள்ளிக்கூடத்திலிருந்து ஊர் வரைக்கும் நடந்தான் சவுரி. சீனு வீட்டுத் தெருமுனை வந்ததும் இறக்கி வைத்தான். அதற்குமேல் அவன் வரக்கூடாது. அங்கேயே நின்று, யாராவது வாங்க என்று தொண்டை கிழியக் கத்தினான். பிறகு சீனுவின் அப்பா அம்மா காலமாகி, நிலத்தை விற்று, கெடார் பக்கம் போவதே நின்றுபோனது. சவுரியும் பிழைப்புக்கு எங்கெங்கோ போய்விட்டான்.

மூன்றாவது கம்பி வந்தது. ராஜாமணி கத்திக்கொண்டே அந்தக் கரைக்குப் போய்விட்டான். அடுத்தது சவுரி. துரைக்கண்ணு அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னாப்பா, காத்தடிச்சா பறந்துடுவ போல. தனியா போனா பாதிக் கம்பியில நின்னுடுவ. கனமானவங்க யாரோடயாவது சேந்து போவணும்." பின்னால் நின்ற சீனுவைப் பார்த்தார். "சாரு நல்லா வாட்டசாட்டமா இருக்காரு. சார், இவரை முன்னாடி சேத்துக் கட்டிக்கினு போறீங்களா?"

சவுரியின் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. பள்ளிக்கூடத்துச் சிரிப்பு.

மாமனார் சக்கரபாணியின் பார்வை அந்தக் கறுப்புக் கயிற்றில் போய் நின்றது. "எந்த ஊரு நீ? யாரு வூட்டுப் புள்ள?"

சவுரி, "அவரு சொல்லுவாருங்க" என்று சீனுவைக் காட்டினான்.

மாமனார் திரும்பினார். அம்சா திரும்பினாள். கூட்டமே திரும்பியது. சீனுவுக்குக் காது மடல் எரிந்தது. காலனிக்காரனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன், அவன் முதுகில் ஏறி வந்தவன் என்று மாமனாருக்குத் தெரிந்தால்... அவ்வளவுதான் அவன் பயம். வேறு ஒரு மண்ணும் இல்லை.

"எனக்குத் தெரியாதுங்க மாமா. வேற யாரையோ நெனச்சிக்கினு இருக்காரு."

சவுரி ஒரு நிமிஷம் அவனையே பார்த்தான். கோபமில்லை. சிரிப்பு மட்டும் போய்விட்டது. "பரவால்லீங்க, நான் தனியாவே போறேன்" என்றான். நின்றுபோனால் நான் வந்து இழுத்து வருகிறேன் என்று துரைக்கண்ணு பெல்ட்டை மாட்டினார்.

கிர்ர்ர்ர்... சத்தம் போகப் போக மெலிந்தது. பாதிக் கம்பி. நின்றுவிட்டது.

கீழே கரும்பச்சைத் தண்ணீர். மேலே உச்சி வெயில். நடுவில் சவுரி தொங்கிக்கொண்டு மெல்லச் சுழன்றான். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். மாமனாரும் சிரித்தார். சீனுவும் சிரித்தான். துரைக்கண்ணு இன்னொரு கப்பியில் தொங்கி, வடத்தைக் கைமாற்றிக் கைமாற்றிப் பிடித்துக்கொண்டு அவனிடம் போக ஆரம்பித்தார்.

அப்போது சவுரி இந்தப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டான்.

"டேய் சீனு..."

"உங்களைத்தானே கூப்புடுறாரு?" என்றாள் அம்சா.

"ஊருல எத்தினியோ சீனு" என்று சொல்லிவிட்டு, சீனு முதுகைக் காட்டி நின்றுகொண்டான். முதுகுக்குப் பின்னால் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் வெறும் பெல்ட் ஆடிக்கொண்டிருந்தது. பக்கிள் பிய்ந்ததா, அவனே கழற்றினானா... யாரும் பார்க்கவில்லை. துரைக்கண்ணு அவனை எட்டுவதற்கு இன்னும் கொஞ்ச தூரம் இருந்தது.

சாயங்காலம் உடலை எடுத்தார்கள். போலீஸ் ஒவ்வொருவராகக் கேட்டது. பெயர் என்ன, ஊர் என்ன? துரைக்கண்ணுவுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. சீனுவிடமும் கேட்டார்கள். மாமனார் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். தெரியாது என்று முதலில் சொல்லியாயிற்று, இப்போது மாற்றிச் சொன்னால் எல்லோரும் என்ன நினைப்பார்கள்?

"தெரியாதுங்க."

பெயர் தெரியாத பிணமாகவே புதைத்தார்கள்.

விழுப்புரத்துக்குத் திரும்பி வந்த பிறகு சீனுவுக்குச் சோறு இறங்கவில்லை. வெட்கமாக இருந்தது. கண்ணாடியில் சொந்த மூஞ்சியைப் பார்க்கவே வெட்கம். சவரம் செய்கிறபோதுகூடக் கண்ணை மூடிக்கொண்டான். சட்டையெல்லாம் தொளதொளவென்று ஆனது.

ஒருநாள் ஆபீஸில், சரியாக உச்சிப் பொழுதில், தலைக்கு மேலே... கிர்ர்ர்ர்... ஃபேன் இல்லை. கரண்ட்டே இல்லை. சத்தம் எங்கிருந்தோ வந்தது, மெலிந்தது, பாதியில் நின்றுவிட்டது. கிரீஸ் வாசனை. ஈரக்கல் வாசனை. அவ்வளவுதான். வெளியே வந்து, வருஷக்கணக்காகக் குடிக்கிற கடையில் டீ கேட்டான். கடைக்காரன் கிளாஸை நீட்டிக்கொண்டே கேட்டான்.

"சாரு ஊருக்குப் புதுசா?"

விளையாடுகிறான் என்று நினைத்தான் சீனு. கடைக்காரன் விளையாடவில்லை.

அப்புறம் மறுபடியும் சத்தம். அன்றைக்கு ஆபீஸ் பியூன் வாசலிலேயே மறித்து, யாரைப் பார்க்கவேண்டும் என்றான். அடுத்த தடவை, பக்கத்துச் சீட்டுக்காரர். அதற்கடுத்த தடவை, திண்டிவனத்திலிருந்து வந்திருந்த மாமனார். மாப்பிள்ளை இருக்கிறாரா என்று மாப்பிள்ளையிடமே கேட்டார். சத்தம் ஒவ்வொரு முறையும் பாதியில் நிற்கும். நின்ற கையோடு யாரோ ஒருவருக்கு அவன் தெரியாத ஆளாகிவிடுவான்.

மிச்சம் இருந்தது அம்சா ஒருத்திதான். அவளுக்கும் தெரியாமல் போய்விட்டால்? என்ன செய்யவேண்டும் என்று அவனுக்குத் தெரிந்தே இருந்தது. கெடாருக்குப் போய், உன் பிள்ளை செத்துவிட்டான், இன்ன இடத்தில் புதைத்திருக்கிறது, எனக்கு அவனைத் தெரியும் என்று இருதயமேரியிடம் சொல்லவேண்டும். அவ்வளவுதான். அம்சாவிடம் சொல்லிக்கொண்டு பஸ் ஏறினான்.

காலனிக்குள் அவன் கால் வைத்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. சவுரி வீட்டு வாசலில் இருதயமேரி முறத்தில் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். கண் நன்றாகத் தெரிகிறவள். சீனுவைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவள். நிமிர்ந்து பார்த்தாள். முறத்தைக் கீழே போட்டாள்.

"சவுரி... வந்துட்டியாடா?"

ஓடிவந்து கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். ஏன்டா இப்படி இளைத்துப் போனாய் என்று அழுதாள். அக்கம்பக்கத்தார் வந்தார்கள். எல்லோரும் அவனைச் சவுரி என்றுதான் கூப்பிட்டார்கள். நான் சவுரி இல்லை, சீனு, என்று சொல்ல வாயைத் திறந்தான். சொன்னால், அடுத்த கேள்வி வரும். சவுரி எங்கே? அதற்கும் பதில் சொல்லவேண்டும். அத்தனை பேர் எதிரில்... அந்தத் தாய் எதிரில்...

வாயை மூடிக்கொண்டான். அவள் கரைத்துக் கொடுத்த கேப்பைக் கூழைக் குடித்தான். கழுத்து வெறுமையாக இருக்கிறதே என்று அவள் ஒரு கறுப்புக் கயிற்றில் சிலுவை கோத்துக் கட்டிவிட்டாள். அதற்கும் தலையைக் குனிந்து கொடுத்தான். அப்போது, கூரைக்கு மேலே, கிர்ர்ர்ர்... பாதியில் நின்றது.

விழுந்தடித்துக்கொண்டு விழுப்புரத்துக்கு வந்து வீட்டுக் கதவைத் தட்டினான். அம்சா திறந்தாள்.

"யாருங்க வேணும்?"

"அம்சா, நான்தான்... சீனு."

அம்சா பயந்துபோய்க் கதவைப் பாதி சாத்தினாள். தம்பியைக் கூப்பிட்டாள். அன்றைக்கு ராஜாமணி அங்கேதான் இருந்தான். வெளியே வந்தான். ஒல்லியாக ஒரு ஆள், கழுத்தில் கறுப்புக் கயிறு, வாசற்படியைப் பிடித்துக்கொண்டு அழுகிறான். குவாரியில் ஆரம்பித்துக் கெடார் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னான். இவ்வளவு நேரம் நான் உங்களுக்குச் சொன்னதெல்லாம் அந்த ஆள் வாசலில் நின்று சொன்னதுதான். சொல்லி முடித்துவிட்டு, ராஜாமணியின் கையைப் பிடித்தான்.

"நீயாவது சொல்லுடா ராஜா. என்னைத் தெரியுது இல்ல?"

ராஜாமணி கையை உதறிக்கொண்டான்.

"எனக்குத் தெரியாதுங்க. வேற யாரையோ நெனச்சிக்கினு இருக்கீங்க."

அந்த ஆள் படியிறங்கிப் போய்விட்டான். கெடாருக்குப் போன சீனுவாசன் இன்றுவரை வீடு திரும்பவில்லை. அம்சா போலீஸில் சொல்லிவைத்துக் காத்திருக்கிறாள்.

போன வாரம்தான் ராஜாமணி இதை என்னிடம் சொன்னான். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். நான் விடவில்லை. உண்மையைச் சொல்லுடா, அவர் யாரென்று உனக்குத் தெரியவே இல்லையா என்று கேட்டேன்.

"மூஞ்சி தெரியலடா. ஆனா கால்ல கெடந்த செருப்பு... அது நான் திண்டிவனத்துல மாமாவுக்கு வாங்கிக் குடுத்தது. வாரு அறுந்து நானே தைச்சுக் குடுத்தேன்."

"அப்புறம் ஏன்டா தெரியாதுன்னு சொன்ன?"

"தெருவே நின்னு பாத்துக்கினு இருந்திச்சிடா. கழுத்துல அந்தக் கயிறு வேற..."

கிளம்புகிறபோது ராஜாமணி என் சட்டையைப் பிடித்து நிறுத்தினான்.

"நேத்து மத்தியானம் எங்க டீக்கடைக்காரன் என்னைப் பாத்து, சாரு ஊருக்குப் புதுசான்னு கேக்குறாண்டா."

விளக்கில் எண்ணெய் குறைந்துவிட்டது, பாருங்கள். ராஜாமணி இன்றைக்கு இங்கே வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். கொஞ்ச நேரத்தில் வந்துவிடுவான். கீழே கதவு தட்டினால் யாரும் முந்திக்கொண்டு போய், யார் நீங்கள் என்று கேட்டுவிடாதீர்கள். மூஞ்சி எப்படி இருந்தாலும் சரி... முதலில் பெயரைச் சொல்லி உள்ளே கூப்பிடுங்கள்.