எட்டு மாடிக்குத் தண்ணீர்

— திறக்க மாட்டேன்னா திறக்க மாட்டேன்! கதவுகிட்ட நின்னு கத்துறதை விட்டுட்டுப் போய் உங்க மோட்டாரைப் பாருங்க அத்தை!

— மோட்டார் ஒழுங்காத்தான் ஓடுது. நீதான் உள்ளே உக்காந்தவ எழுந்திரிக்கல. ஏம்மா மகாராணி, வீட்டுக்கு இருக்கிறது ஒரே ஒரு பாத்ரூம். காலையிலேருந்து நீ அதுல குடித்தனம் நடத்துனா நாங்க எங்கே போறது?

— வயித்துப்போக்கு வந்தவ பாத்ரூம்ல உக்காராம பால்கனியிலயா உக்காருவா?

— எட்டு மாசத்துக்காரி இப்படி உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கலாமா? மயக்கம் கியக்கம் வந்து விழுந்தா? டேய், உன் பொண்டாட்டிக்கு நீ சொல்லுடா!

— பதட்டம் வேணாம். ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் சொல்றேன், பதட்டம் வேணாம். உள்ளே இருக்கிறவங்க நிதானமா மூச்சு விடுங்க, காத்து தாராளமா வரும், ஆள் வந்தாச்சு...

— ஏங்க! நான் என்ன உங்க லிஃப்டுக்குள்ள மாட்டிக்கிட்டவளா?

— பழக்க தோஷம்மா. மாட்டிக்கிட்டவங்ககிட்ட இப்படித்தான் பேசணும்னு எங்க கம்பெனியில சொல்லிக் குடுத்திருக்காங்க.

— லிஃப்ட் மெக்கானிக்னு பேரு! ஊர்ல எவன் மாட்டினாலும் ஓடிப்போய் இழுத்து வெளியே விடுவ. சொந்தப் பொண்டாட்டி சாத்தின கதவைத் திறக்க வக்கில்ல. அந்த ஸ்க்ரூடிரைவரைக் கொண்டாடா!

— உள்பக்கத் தாழ்ப்பாளுக்கு வெளியிலேருந்து ஸ்க்ரூடிரைவரை எங்கேம்மா வைக்கிறது?

— அப்போ பேசிக் கூப்பிடு.

— கூப்பிட வேணாம், நானே வர்றேன். முதல்ல அந்தச் சட்டத்தை ரத்து பண்ணச் சொல்லுங்க உங்கம்மாவை.

— எந்தச் சட்டம்டி?

— தண்ணிச் சட்டம்! வயிறு போறவளுக்குத் தண்ணி காட்டக் கூடாதுன்னு போட்டீங்களே, அது!

— அது சட்டமில்ல, அறிவு. நான் சொல்றேன் கேளு. இந்தக் கட்டடத்துக்கு இத்தனை வருஷமா மோட்டார் போடுறவ நான். குழாய் ஒழுகினா என்ன பண்றோம்? மேல வால்வை மூடுறோம். மேலேருந்து வரலைன்னா கீழே எப்படி ஒழுகும்?

— நான் குழாய் இல்ல!

— குழாய் தேவலை. எதிர்த்துப் பேசாது.

— நல்லா இருக்கே நியாயம்! எட்டு மாடிக்கும் தண்ணி விடுறீங்க. மொட்டைமாடியில எவனோ வளர்க்கிற புறாவுக்குக்கூட தொட்டி ரொப்பிட்டு, குடிச்சுதா குடிக்கலையான்னு நின்னு பாத்துட்டு வர்றீங்க. எட்டு மாசத்துக்காரிக்கு ஒரு வாய் விட மாட்டேங்கிறீங்க! குடிதண்ணி கேனைத் தூக்கித் தன் கட்டிலுக்கு அடியில ஒளிச்சு வெச்ச மாமியார் உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்!

— ஒளிக்கலடி. துணி போட்டு மூடி வெச்சேன்.

— அம்மா, கேன் உன் கட்டிலுக்கு அடியிலயா இருக்கு? ரெண்டு நாளா வீட்டுல கேனைக் காணோம்னு நான் டீக்கடையில தண்ணி வாங்கிக் குடிச்சுட்டு வர்றேனே!

— ஆம்பளைக்கு என்ன, எங்கே வேணா குடிக்கலாம். நீ குறுக்கே பேசாதே.

— குழாயைத் திறந்தா ஓடி வர்றீங்க. டம்ளர் சத்தம் கேட்டா பாய்ஞ்சு வர்றீங்க. ஏழாவது மாடியில சொட்டினா தரைத்தளத்துல தூக்கம் கலையுற காது உங்களுது! எனக்குச் சோறு கிடையாது, வெறும் ரஸ்க்கு. எச்சில் ஊறாத வாயில ரஸ்க்கு! மரத்தூளைத் தின்னா மாதிரி தொண்டையில மாட்டிக்கிட்டு நிக்குது.

— ரஸ்க்கு வயித்தைக் கட்டும்.

— நாக்கைத்தான் கட்டுது! இவ்வளவுக்கும் காரணம் யாரு? ஃப்ரிட்ஜுல போன மாசத்துலேருந்து கிடந்த கோழியை, "வீணாக்கக் கூடாது, நீ ரெண்டு பேருக்குத் திங்கணும்"னு என் தட்டுல தள்ளினது யாரு?

— போன மாசமா! வாய் கூசாம சொல்றா பாரு! போன வாரம்.

— போன வாரமாம்மா?

— சுட வெச்சுத்தானேடா குடுத்தேன்!

— ஒரு கொதி கூட வரல! கேஸ் வீணாகுதுன்னு அணைச்சீங்க! நேத்து மத்தியானம் தலை சுத்தி, சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். வயிறு கல்லு மாதிரி இறுகுது. "அத்தை, வயிறு இறுகுது"ன்னேன். என்ன சொன்னீங்க?

— வாயுன்னேன். வாயுதான்.

— உள்ளே ஒரு உயிர் இருக்கு அத்தை. அதுவும் தண்ணியிலதான் மிதக்குது. ஊருக்கெல்லாம் ரொப்புறீங்க, உங்க பேரப்பிள்ளை இருக்கிற தொட்டியை மட்டும் வத்தடிப்பீங்களா?

— அம்மா, ஏன் காலை மாத்தி மாத்தி நிக்கிற?

— ஒண்ணுமில்ல. நின்னு நின்னு காலு வலிக்குது. ஏம்மா, ஒரு ரெண்டு நிமிஷம் வெளியே வந்துட்டு மறுபடி உள்ளே போயேன்.

— எதுக்கு?

— எனக்கும் அவசரம்டி!

— மேல வால்வை மூடிக்கிட்டு நில்லுங்க. கீழே எப்படி வரும்?

— டேய், இவ கேக்குறதைக் கேட்டியா!

— கேட்டேன். உன் கணக்குப்படி பாத்தா சரியாத்தான்மா இருக்கு.

— நீயும் அந்தக் கட்சியா? இரு, நான் போய் பாத்ரூம் வால்வையே மூடுறேன். தன்னால வெளியே வருவா.

— மூடுங்க! மூடிட்டு அப்படியே எட்டு மாடிக்கும் போய்ச் சொல்லுங்க, மருமகளுக்கு வயிறு சரியில்ல, அதனால கழுவுறதுக்கும் தண்ணி விடலைன்னு. ரொம்ப மெச்சிப்பாங்க!

— அம்மா, நீ எங்கேயும் போக வேணாம். நான் கிளினிக்குக்குப் போன் போடுறேன். நர்ஸ் என்ன சொல்றாங்களோ அதுதான் முடிவு.

— போடு, போடு. அவ வயசு என்ன, என் வயசு என்ன. நான் சொன்னதைத்தான் அவளும் சொல்லுவா.

— ஹலோ, சிஸ்டர்? எட்டு மாசங்க. ஆமா, வயித்துப்போக்கு. தண்ணிங்களா? இல்ல சிஸ்டர், ரெண்டு நாளா நிறுத்தி வெச்சிருக்கோம்... சிஸ்டர், கத்தாதீங்க... சிஸ்டர், பதட்டம் வேணாம்...

— என்னடா சொல்றா?

— நிறுத்தின புத்திசாலி யாருன்னு கேக்குறாங்க.

— நீ என்ன சொன்ன?

— பக்கத்து வீட்டம்மான்னு சொல்லிட்டேன்.

— நல்லது. அவ அப்படிச் சொல்லக்கூடியவதான்.

— அந்தம்மாவைப் பிடிச்சு ஜெயில்ல போடணுமாம்.

— ஜெயிலா! அடப்பாவி, அவ்வளவு பெரிய தப்பா?

— சும்மா இரும்மா, கேட்டுக்கிறேன். சரிங்க... சரிங்க சிஸ்டர்... இதோ கிளம்புறோம். அம்மா, ஒவ்வொரு தடவை போனதுக்கு அப்புறமும் போன தடவை கிளினிக்குல குடுத்த உப்புச் சர்க்கரைப் பொட்டலத்தைக் காய்ச்சி ஆறின தண்ணியில கலக்கிக் குடுக்கணுமாம். உடம்புல தண்ணி வத்தினா வயிறு இறுகுமாம், மாசம் முடியறதுக்கு முன்னாடியே வலி வந்துடுமாம். ஒன்னுக்குப் போறது குறைஞ்சாலும், பிள்ளை அசையுறது குறைஞ்சாலும் வீட்டுல வெச்சிருக்கவே கூடாதாம். இப்பவே கூட்டிட்டு வரச் சொல்றாங்க.

— வலியா? இப்பவா? டேய், அப்போ நேத்து இறுகினது வாயு இல்லையா?

— எனக்கென்னம்மா தெரியும்!

— ஏம்மா, கேட்டியா? கிளினிக்குக்குப் போகணுமாம். ஏம்மா? என்னடா உள்ளே சத்தத்தையே காணோம்? இவ்வளவு நேரம் அந்தக் கத்து கத்தினா!

— ஏய், ஒரு வார்த்தை பேசு. நிதானமா மூச்சு... ஏய், பேசுடி! எதையாவது திட்டவாவது திட்டுடி! எனக்குப் பயமா இருக்கு!

— இடிடா கதவை! உடைடா! புதுக் கதவு போட்டுக்கலாம்!

— நீ முதல்ல கேனை எடுத்துட்டு வாம்மா!

— இதோ, இதோ... கண்ணு! தாயி! சட்டம் ரத்து! எல்லா வால்வையும் திறந்தாச்சு! கேனோட இழுத்துட்டு வந்துட்டேன். சொம்பு சொம்பா குடி, குடம் குடமா குடி, நான் வாயைத் திறந்தா ஏன்னு கேளு. கதவை மட்டும் திற சாமி!

— சத்தியமா?

— உயிர் வந்துச்சுடா! சத்தியம்டி! என் மோட்டார் மேல சத்தியம்!

— இனிமே யாருக்கு வயிறு போனாலும் தண்ணியை நிறுத்த மாட்டீங்களே?

— நிறுத்தினா அந்த நர்ஸையே கூப்பிட்டு ஜெயிலுக்கு அனுப்பு!

— சரி. ரெண்டு பேரும் தள்ளி நில்லுங்க, வயிறு இடிக்காம வரணும்.

— மெதுவா, மெதுவா... டேய், என்னடா இது? முகம் விளக்கிக் கவுத்த தட்டு மாதிரி பளபளன்னு இருக்கு?

— ஆமா. உதடுகூட காயல. ஏன்டி அவ்வளவு நேரம் பதில் சொல்லல? எனக்கு உயிரே போயிடுச்சு.

— அப்போ வாய் ஒழியலங்க.

— அதெல்லாம் கிடக்கட்டும். காலையிலேருந்து எத்தனை தடவைம்மா போச்சு?

— ஒரு தடவையும் இல்ல. நேத்து சாயங்காலத்தோட வயிறு போறது நின்னுபோச்சு.

— பாத்தியாடா! பாத்தியா! நான் சொன்னேன்ல? வால்வை மூடினேன், ஒழுகல் நின்னுச்சு! நர்ஸாம் பெரிய நர்ஸு! போனைப் போட்டு அவகிட்ட சொல்லு! ஆமா, இரு... நேத்தே நின்னுபோச்சுன்னா காலையிலேருந்து உள்ளே என்னத்தடி பண்ணிக்கிட்டிருந்தே?

— தண்ணி குடிச்சுக்கிட்டிருந்தேன் அத்தை. நீங்க மோட்டார் போடப் போற நேரம் பாத்துக் காய்ச்சி, பொட்டலம் கலக்கி, பாட்டில் பாட்டிலா. நேத்தும் இங்கேதான் குடிச்சேன். என் பின்னாலயே நீங்க வராத ரூம் இந்த வீட்டுல இது ஒண்ணுதான்.