புன்னைத்திட்டு மரங்களுக்கு ஒரு வக்காலத்து

இம்மாபெரும் சபைக்குத் தலைமை தாங்குவதோடு, ஒடிந்துகொண்டிருக்கும் இந்த நாற்காலியின் நான்காவது காலையும் தம் முழங்காலால் தாங்கிக்கொண்டிருக்கும், புன்னைத்திட்டு அழகுவிருத்திச் சபையின் தலைவர் உயர்திரு நாராயணபெருமாள் அவர்களே! கடலில் சுறாவுக்கு அஞ்சாமல், கரையில் என் பேச்சுக்கு மட்டும் அஞ்சி, எழுந்துபோக வசதியாகப் பின்வரிசை பிடித்திருக்கும் வள்ளக்காரப் பெரியோர்களே! பெஞ்சுகளையெல்லாம் ஆடவர் ஆக்கிரமித்துக்கொண்டதால் மணலிலே அமர்ந்து, அதனாலேயே மேடையைவிட உயர்ந்து விளங்கும் தாய்மார்களே! முன்வரிசையில் கோடாரியை மடியில் கிடத்தித் தாலாட்டிக்கொண்டிருக்கும் அன்பர் பொன்னுலிங்கம் அவர்களே! அனைவருக்கும் இந்த ஜஸ்டஸ் வாத்தியாரின் சிரம் தாழ்ந்த வணக்கம்.

கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றெட்டு, மாசி மாதத்து இம்மாலைப் பொழுதிலே, என்னைச் சுற்றி நான் காண்பது என்ன? ஒரு பக்கம் கடல். மறுபக்கம் காயல். நடுவே அரை மைல் நீளமும் கூப்பிடு தூர அகலமுமாய்க் கிடக்கிறது நம் திட்டு. புன்னை பூத்துப் பொன்தாது பொழிகிறது. தாழை தலைவிரித்துத் தடங்கல் செய்கிறது. காலையில் மஞ்சள் உடுத்த பூவரசம்பூ மாலையில் சிவப்பு மாற்றிக்கொள்கிறது. அடும்புக்கொடி ஓடி ஓடி மணல்மேட்டைக் கட்டிப்பிடிக்கிறது. காயலோரத்துக் கண்டல் சேற்றில் கால்களை ஊன்றிக்கொண்டு, "அசைத்துப் பார்" என்று நிற்கிறது. ஆனியிலும் ஆடியிலும் கடல் எழும்பி வரும்போது முதலடி வாங்குவது யார்? ஊரா? உங்கள் வீட்டுக் கூரையா? தலைவருடைய தென்னந்தோப்பா? இந்த மரங்கள்! இந்த மரங்கள்! இந்த மரங்களே!

யாரது, "விஷயத்துக்கு வாரும்" என்கிறது? வருகிறேன் ஐயா, வருகிறேன். இப்படி அவசரப்படுத்தினால் எனக்கு எதுகை வழுக்கிவிடும்.

விஷயம் இதுதான். நான் ஒரு குற்றவாளி. சென்ற ஐப்பசியில், இதே மேடையில், இதே அங்கவஸ்திரத்தோடு நான் பேசியது நினைவிருக்கிறதா? பெரிய உத்தியோகஸ்தர் ஒருவர் காயல் வழியாக வள்ளத்தில் வரப்போகிறார், அவருக்கு நம் கடற்காட்சியைக் காட்டவேண்டும் என்றார் தலைவர். நான் எழுந்தேன். "காட்சிக்குத் திரை எதற்கு? கடலுக்குக் கதவு எதற்கு? வெட்டுங்கள் அந்தப் புன்னைகளை!" என்று முழங்கினேன். நீங்களும் கைதட்டினீர்கள். தட்டவில்லை என்று சொல்லாதீர்கள், அந்தக் கைதட்டலை நான் ஒரு வாரம் காதிலேயே வைத்திருந்தேன். தெற்குமுனையில் ஏழு புன்னைகள் விழுந்தன. காட்சி திறந்தது. என்ன தெரிந்தது? மணல் தெரிந்தது. மணலுக்கு அப்பால் இன்னும் கொஞ்சம் மணல் தெரிந்தது.

உத்தியோகஸ்தரும் வந்தார். இறங்கினார். உச்சி வெயில். நாங்கள் மாலையோடு நிற்கிறோம். அவர் நெற்றியில் கைவைத்து இடமும் வலமும் பார்த்துவிட்டு, "என்ன ஓய், ஒதுங்கி நிற்க இங்கே ஒரு மரம்கூட இல்லையா?" என்றார். அப்போது நம் தலைவருடைய முகம் போன போக்கை நான் வருணிக்கமாட்டேன். அவர் பக்கத்திலேயே இருக்கிறார்.

ஆனால் சிரிப்பு அதோடு தீர்ந்தது. ஒன்பது நாள் கழித்து நம் மரியஜான் அண்ணன் என் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். கண் சிவந்து, உதடு வெடித்து, உப்புப் பூத்த உடம்போடு நின்றார்.

"சாரே, எனக்க பாரைக் காணல்ல. ஒம்பது நாளாட்டு கடல்ல கெடந்து கறங்குதேன். ஒரு சாளை மீனுகூட கிட்டேல்ல."

பார் என்றால் கடலடியில் கிடக்கும் பாறை. மீன் கூடும் இடம். மார்த்தாண்டத்திலிருந்து வந்த எனக்கு இது தெரியாது. அன்றுதான் அண்ணன் கணியத்தை விளக்கினார். நடுக்கடலில் தெருப்பலகை ஏது? கரையில் ஒரு மரத்தையும் அதற்குப் பின்னால் வேளிமலையின் ஒரு முகட்டையும் ஒரே கோட்டில் பிடிக்கவேண்டும். வேறொரு மரத்தையும் பள்ளிவாசல் மினாரையும் இன்னொரு கோட்டில் பிடிக்கவேண்டும். இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் தூண்டிலைப் போட்டால், கீழே பார்! அதுதான் கணியம். அண்ணனுடைய கணியப் புன்னையை நான் எதுகை மோனையோடு வெட்டிச் சாய்த்திருந்தேன்.

எனக்கு வெட்கம் தாங்கவில்லை. வெட்கத்தை மறைக்கக் கோபித்துக்கொண்டேன். "அண்ணே, வெட்டும்போது நீரும் பக்கத்தில்தானே நின்றீர்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்றேன்.

"நல்லாச் செல்லுவேன்! செல்லியிருந்தா மறுநாள் விடியதுக்குள்ள ஊருல உள்ள வள்ளம் பூரா எனக்க பாருலல்லா நிக்கும்! எனக்க கூடப்பெறந்தவனுக்கே நான் செல்லேல்ல. ஒமக்கா செல்லுவேன்?"

கேட்டீர்களா மகாஜனங்களே! தன் மரம் தன் கண்ணெதிரே விழுகிறது. மனுஷன் மூச்சு விடவில்லை! சோற்றை விட்டாலும் விடுவான், கணியத்தை விடமாட்டான் நம் கடற்கரைக்காரன்.

இதற்குள் நம் சபை இரண்டாம் தீர்மானத்துக்கு வந்துவிட்டது. உத்தியோகஸ்தர் மரம் கேட்டாரல்லவா? ஆகவே மரம் வைக்கவேண்டும். மரம் வைக்க இடம் வேண்டும். இடத்தில் மரம் நிற்கிறது. ஆகவே மிச்சமுள்ள நூற்று நாற்பது மரங்களையும் வெட்டிவிட்டு, வரிசை வரிசையாகச் சவுக்கு வைப்போம்! இந்த நியாயத்தை நான் மூன்று தடவை எழுதிப் பார்த்தேன். எழுத எழுத என் தலைதான் சுற்றியது.

அப்போது ஒரு யோசனை சொன்னேன். "வேண்டிய மரத்தில் சுண்ணாம்புக் கோடு போடுங்கள், அதை விட்டுவிடுகிறோம்" என்றேன். முதல் நாள் ஒரு கோடும் இல்லை. இரண்டாம் நாளும் இல்லை. மூன்றாம் நாள் காலையில் வந்து பார்த்தால், நூற்று நாற்பது மரத்திலும் கோடு! ஏன்? தன் மரத்தில் மட்டும் போட்டால் பிறர் கண்டுபிடிப்பார்களே! ஆகவே ஆளுக்கு இருபது முப்பது மரத்தில் போட்டிருக்கிறார்கள். சில புன்னைகள் நாலு கோடு வாங்கித் திருநீறு பூசிய பண்டாரம்போல் நின்றன. தலைவர் வீட்டுப் பசு திட்டுக்கு மேய வந்திருந்தது. அதற்கும் ஒரு கோடு!

தலைவருக்குக் கோபம் வந்தது. வராதா? பசு அவருடையது. அன்றே விதி போட்டார். சுண்ணாம்பு செல்லாது. மாசிக் கூட்டத்தில் எவரேனும் எழுந்து நின்று, "இது என் மரம், இன்ன காரணத்துக்கு வேண்டும்" என்று எல்லார் காதிலும் விழச் சொன்னால் அந்த மரம் பிழைக்கும். சொல்லாத மரத்தை நாளைக் காலையில் பொன்னுலிங்கம் வெட்டுவார்.

அந்த விதி போட்டதுமுதல் எனக்குத் தூக்கம் இல்லை. ஒவ்வொருவராக என்னிடம் வந்து, எது உங்கள் கணிய மரம் என்று ரகசியமாகச் சொன்னீர்கள். ஒருவர் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்குவதுபோல் வந்தார். ஒருவர் நான் சவரம் செய்துகொண்டிருக்கும்போது, கத்தி தொண்டையில் இருக்கும்போது, காதில் சொன்னார். எல்லாரும் சத்தியம் வாங்கினீர்கள். மாதா பேரால் சத்தியம், அல்லா பேரால் சத்தியம், பகவதி பேரால் சத்தியம். புராட்டஸ்டண்டு வாத்தியாரான நான் எத்தனை பேர் பேரால்தான் சத்தியம் செய்வேன்? இதில் ஒரே தாழைப்புதருக்கு இரண்டு பேர் வந்தார்கள். அந்த இருவர் பெயரைச் செத்தாலும் சொல்லமாட்டேன்... சுலைமான் காக்கா, ஏன் எழுந்திருக்கிறீர்கள்? நான் பெயர் சொல்லவில்லையே! பாவா, நீரும் உட்காரும். ஒருவரையொருவர் அப்படிப் பார்க்காதீர்கள். ஐயோ, பார்த்துவிட்டார்களே!

சிரியுங்கள். நன்றாகச் சிரியுங்கள். சிரித்து முடித்து எனக்குப் பதில் சொல்லுங்கள். நாளை இந்த மரங்கள் விழுந்தால், மரியஜான் அண்ணன் கடலில் சுற்றியதுபோல் எத்தனை வள்ளம் சுற்றும்? எத்தனை அடுப்பில் பூனை தூங்கும்? பாரைப் பிறர் அறியாமல் காத்துவிட்டீர்கள். அதை உங்களுக்கே தெரியாமல் ஆக்கப்போகிறீர்களே! நான் சத்தியத்தால் கட்டுண்டவன், சொல்லமாட்டேன். நீங்கள் சொல்லலாம். யாராவது எழுந்திருங்கள். ஒரே ஒருவர்! பின்வரிசைப் பெரியோர்களே! ஏன் எல்லாரும் பெருவிரலைப் பார்க்கிறீர்கள்? எழுந்திருக்க ஒருவருமில்லையா?

என்ன சத்தம் தாய்மார் பக்கம்? யாரம்மா? மீன்கடவம் சுமந்து எங்கள் தெருவுக்கெல்லாம் வருகிற செல்லக்கனி அம்மாள், மரியஜான் அண்ணனின் வீட்டுக்காரி. சொல்லுங்கள் அம்மா. என்னை உட்காரச் சொல்கிறார்கள். உரக்க, உரக்க, தலைவர் காதில் விழட்டும்!

"சாரே, நீரு இரியும், நான் செல்லுதேன். இந்த ஆணுங்க வாயைத் தொறக்க மாட்டானுவ. எனக்க மாப்பிள ஒம்பது நாள் வெறுங்கையாட்டு வந்தாரு, அப்பமும் தொறக்கேல்ல. வள்ளம் திரும்பி வருதாண்ணு நாங்க நிண்ணு பாக்கதுக்கு இந்த மரத்துக்க அடிமூடெல்லாம் வேணும். காத்து பிடிச்ச அண்ணைக்கு, வராத வள்ளத்துக்கு வேண்டி, நாங்க இதைக் கெட்டிப்பிடிச்சோண்டு நிண்ணிருக்கோம். எந்த மூட்டில எவ நிப்பாண்ணு ஒருத்தனும் கேக்காண்டாம். இந்த அற்றம் முதல் அந்த அற்றம் வரைக்கும் எங்களுக்க மரம். எழுதும் அதை!"

தலைவர் அவர்களே! கேட்டீர்களா? எழுந்து நின்றாயிற்று. காரணம் சொல்லியாயிற்று. ஒருவருடைய கணியமும் வெளியே வரவில்லை. ஆண்பிள்ளைதான் சொல்லவேண்டும் என்று உங்கள் விதியில் எங்கே இருக்கிறது? அதோ, ஒவ்வொருவராக எழுந்திருக்கிறார்கள். ஹபீபா பீவியம்மா எழுந்துவிட்டார்கள். இந்தக் கோடி முழுக்க எழுந்துவிட்டது. நூற்று நாற்பது மரத்துக்கும் ஆள் இருக்கிறது! கடைசியில், பூவரசடியில், முக்காட்டை இழுத்துக்கொண்டு எழுந்திருப்பது யார்? தலைவரே, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பாருங்கள். அது உங்கள் வீட்டு அம்மாள் அல்லவா?

தலைவர் தலையாட்டிவிட்டார்! கையெழுத்தும் போடுகிறார்! பொன்னுலிங்கம், கோடாரியைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போங்கள்.

நான் முக்கால் மணி நேரம் பேசினேன், ஒரு மரத்தையும் காப்பாற்றவில்லை. பேச இடம் தந்த தலைவர் அவர்களுக்கு என் நன்றி. வாயைத் திறக்காத வள்ளக்காரர்களுக்கும், திறந்த தாய்மார்களுக்கும் என் நன்றி. அம்மாமார்களே, நீங்கள் யாரும் உட்காரவேண்டாம், அப்படியே நில்லுங்கள். செல்லக்கனி அம்மாள் சொன்னபடி நான் உட்கார்ந்துகொள்கிறேன். உங்கள் எல்லாருக்கும் என் வணக்கம்!