கப்பல் எரிந்த பிறகும் பேசிய குரல்

அவையை ஆளும் தலைவராய் அமர்ந்திருக்கும் நூலகர் அவர்களே, முன்வரிசையை நரையால் நிறைத்திருக்கும் பெரியோர்களே, அடுப்பை அணைத்த கையோடு ஓடிவந்திருக்கும் தாய்மார்களே, பின்சுவரில் சாய்ந்தபடி ‘இவன் எப்போது முடிப்பான்’ என்று பார்க்கும் நண்பர்களே, வணக்கம்.

விண்வெளியும் விந்தையும் கலந்த இருண்ட சிறுகதைகளைப் பாராட்டிப் பேசப் பணித்திருக்கிறார்கள். பகலெல்லாம் படும் பாடு போதாதா, படிப்பதிலும் இருட்டா என்கிறார் அங்கே ஒரு பெரியவர். நியாயம் ஐயா. நானும் அப்படிக் கேட்டவன்தான்.

நான் பத்திரிகை அலுவலகத்தில் பிழை திருத்துபவன். கொம்புக்கும் காலுக்கும் காவல்காரன். ஒருநாள் ஒரு கதை வந்தது. ஒருத்தியின் கணவன் விண்கப்பலேறிப் போகிறான். ஒன்பது ஆண்டுப் பயணம். நாளுக்கொன்றாகத் தன் குரலை ஒரு பெட்டியில் பதித்துவைத்துப் போகிறான். எட்டாம் நாளே கப்பல் எரிந்துபோன செய்தி அவளுக்கு வருகிறது. பெட்டி மட்டும் தினமும் பேசுகிறது. ஒன்பதாம் ஆண்டின் கடைசி நாள், “நாளைக்கு வந்துடுவேன்” என்கிறது. அவள் இரண்டு தட்டுகளைக் கழுவி வைக்கிறாள். அவ்வளவுதான் கதை.

ஆசிரியர் படித்தார். “ரொம்ப இருட்டா இருக்கேப்பா. கடைசியில அவன் வந்து கதவத் தட்டுற மாதிரி மாத்தித் தரச் சொல்லு” என்றார். நானும் தலையாட்டிவிட்டு, அச்சுப்படியை வீட்டுக்கு எடுத்துப் போனேன்.

வீட்டில் என் அக்கா. ஆடை ஆலையில் சட்டைக் காலர் தைப்பவள். அத்தான் சரக்குக் கப்பலின் என்ஜின் அறையில் வேலை பார்த்தவர். கப்பல் மூழ்கியது, உடல் கிடைக்கவில்லை. ஆறு ஆண்டுகள் ஊரார் சொன்ன ஆறுதலைக் கேட்டாள் அக்கா. ஆறியதா காயம்? தேற்றினோம், தேற்றினோம், தேறினாளா அவள்?

அந்தத் தாள்களை நின்றபடியே படித்தாள். முடித்ததும் உட்கார்ந்தாள்.

“இத மாத்தப் போறீங்களா?”

“ஆமாக்கா. அவன் திரும்பி வர்ற மாதிரி.”

“வேணாம்டா. வந்துடுவாரு, வந்துடுவாருன்னு ஊரே எங்கிட்ட அதத்தான் சொல்லுது. அவர் இல்லன்னு தெரிஞ்சேதான் காத்துக்கிட்டிருக்கேன்னு நான் யார்கிட்டடா சொல்வேன்? இந்தக் கதையில வர்ற இவளுக்கு அது தெரியும். இவளையும் எங்கிட்டருந்து பிரிச்சிடாதீங்க.”

அன்றுதான் அக்கா வாய்விட்டு அழுதாள். நான் தேற்றவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் ஆசிரியரிடம் அதை அப்படியே சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஒரு புள்ளியக்கூடத் தொடாத” என்றார். கைதட்டுகிறீர்கள், அது அவரைச் சேரட்டும்.

சொந்தம் சொல்லத் துணியாத ஒரு சொல்லைச் சொல்ல, ஒரு கதை விண்மீன் வரைக்கும் போக வேண்டியிருந்தது, பெரியோர்களே. இல்லாத உலகத்து இருட்டு, இருக்கிற துயரத்தின் முகத்தைக் காட்டியது. விளக்கேற்றுவோர் வேண்டும்தான். விளக்கு எட்டாத இடத்தில் ஒருத்தி இருக்கிறாளே, அவளருகே போய் உட்கார யார் இருக்கிறார்கள்? இருண்ட கதை உட்காருகிறது. அதனால் அதைப் போற்றுகிறேன்.

அக்கா எப்படி இருக்கிறாள் என்று கேட்கிறீர்கள், அம்மா. ஏக்கம் தீரவில்லை. ஆனால் அத்தானின் குறட்டையைச் சொல்லி இப்போது சிரிக்கிறாள். அந்தக் கதையை எழுதியவருக்கு ஒரே வரியில் ஒரு கடிதமும் போட்டாள்:

“அவகிட்டச் சொல்லுங்க, நானும் இங்க இருக்கேன்னு.”

செவி தந்த அவைக்கும், மேடை தந்த நூலகத்துக்கும் என் நெஞ்சின் நன்றி. வணங்கி விடைபெறுகிறேன்.